எடி ராபின்சனின் 408 வெற்றிகளை எப்படி எடை போடுவது?

கேள்வி இதுதான்: "அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எடி ராபின்சன் 408 ஆட்டங்கள் ஜெயித்தவர் என்கிறார்கள். ஆனால் அவர் இருந்தது கிராம்ப்ளிங் என்ற சின்னக் கல்லூரி. எதிரணிகளும் பெரும்பாலும் சின்னக் கல்லூரிகளே. அப்படியிருக்க, அலபாமாவின் பேர் பிரையன்ட், நிக் சேபன் போன்ற தலைமைப் பயிற்சியாளர்கள் வரிசையில் அவரை ஏன் வைக்கிறார்கள்?"

நியாயமான சந்தேகம்தான். (இங்கே ஃபுட்பால் என்பது நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்க ஆட்டம்.) பாதியை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கிராம்ப்ளிங் ஆடியது அலபாமா, ஒஹையோ ஸ்டேட், நோட்ர டேம் மாதிரி அணிகளோடு அல்ல. 1978இல் பெரிய கல்லூரிகளையும் சிறியவற்றையும் இரண்டு பிரிவாகப் பிரித்தபோது கிராம்ப்ளிங் இரண்டாவது பிரிவில்தான் இருந்தது. வெற்றி விகிதத்தைப் பார்த்தாலும் பிரையன்ட்தான் மேலே: 323 வெற்றி, 85 தோல்வி, 17 டிரா. ராபின்சனுக்கு 408 வெற்றி, 165 தோல்வி, 15 டிரா. ஆண்டுக்குச் சராசரி எடுத்தால் பிரையன்டுக்கு எட்டரை வெற்றி, இவருக்கு ஏழரைக்குச் சற்றுக் குறைவு. எண்களை மட்டும் வைத்துப் பேசுவதானால் இதோடு முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் "சின்னக் கல்லூரிகளோடு ஆடினார்" என்பது அவராகத் தேர்ந்தெடுத்தது போலத் தொனிக்கிறது. கிராம்ப்ளிங் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி. பக்கத்து ஊரான ரஸ்டனில், சில மைல் தூரத்தில், லூசியானா டெக் இருந்தது. 1960களின் பிற்பாதியில் அங்கே டெரி பிராட்ஷா, இங்கே ஜேம்ஸ் ஹாரிஸ். இருவருமே பிற்காலத்தில் தொழில்முறை லீகில் பெயர் எடுத்த குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர்கள். இரண்டு கல்லூரிகளும் மோதியிருந்தால் ஊரே திரண்டு வந்து பார்த்திருக்கும். மோதவில்லை. இனப்பாகுபாடு சட்டமாக இருந்த தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரியும் கறுப்பர் கல்லூரியும் ஒரே மைதானத்தில் இறங்குவதே நடக்காத காரியம். பின்னாளில் சட்டம் போன பிறகும் பழக்கம் உடனே போய்விடவில்லை.

அவருடைய பணிக்காலத்தைத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

ராபின்சன் 1919 பிப்ரவரி 13 அன்று லூசியானாவின் ஜாக்சன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர், அம்மா வீட்டு வேலை செய்தவர். லேலண்ட் என்ற சின்னக் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிப் பட்டம் வாங்கினார். கோச் ஆக வேண்டும் என்ற ஆசை சிறு வயதிலிருந்தே உண்டு. ஆனால் கறுப்பினத்தவர் ஒருவரைக் கோச்சாக வைக்கக்கூடிய கல்லூரிகள் எத்தனை இருந்தன? படிப்பு முடிந்ததும் பேட்டன் ரூஜ் நகரில் ஒரு தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்குப் போனார். அப்போதுதான் மாநிலத்தின் வடக்கே ஒரு கல்லூரியில் கோச் வேலை காலி என்று தகவல் வந்தது. 1941இல் சேர்ந்தார். வயது 22. மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட்.

அந்தக் கல்லூரியின் அப்போதைய பெயர் 'லூசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்'. 1946இல்தான் கிராம்ப்ளிங் கல்லூரி ஆனது. இந்த நீளமான பெயரைச் சொல்லி மைதானத்தில் உற்சாகக் குரல் கொடுத்து முடிப்பதற்குள் எதிரணி டச் டவுன் (பந்தை எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) அடித்துவிடும், அதனால்தான் பெயரைச் சுருக்கினார்கள் என்று ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு. வேலைக்கு எடுத்தவர் கல்லூரித் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ். அவரே பேஸ்பால் அணிக்குக் கோச். அந்த அளவுக்குத்தான் ஆள் பலம்.

இன்று 'ஹெட் கோச்' என்றதும் நம் கண்ணில் நிற்பவர் தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, சுற்றிலும் உதவியாளர் படையோடு நிற்பவர். ராபின்சனுக்குச் சம்பளம் வாங்கும் உதவியாளர் ஒருவர்கூடக் கிடையாது. கல்லூரியின் இரவுக் காவலாளி வந்து கைகொடுத்தார். மைதானத்துப் புல்லை வெட்டுவது, கோடு போடுவது, பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, ஆட்டம் முடிந்ததும் அதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவது எல்லாம் கோச்சின் வேலை. வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது வழியிலுள்ள ஓட்டல்களில் இவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கிளம்பும் முன்பே சாண்ட்விச் செய்து கட்டிக்கொள்வார்.

முதல் ஆண்டு 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த ஆண்டு, 1942இல், ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. அந்த ஒன்பதிலும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. 23 வயதுக்காரர், இரண்டாவது ஆண்டு. அதற்குப் பின் போர் வந்து 1943, 1944 இரண்டு ஆண்டும் கல்லூரிக்கு அணியே இல்லை. அந்த இடைவெளியில் அவர் ஊர் உயர்நிலைப்பள்ளிப் பையன்களுக்குக் கோச்சாக இருந்தார்.

அந்தக் காலத்துக் கதை ஒன்றைப் பலரும் சொல்வார்கள். அணியின் முக்கியமான ஆட்டக்காரர்கள் இருவர், அண்ணன் தம்பி. பருத்தி வெடித்துக் கிடக்கிறது, ஆள் இல்லை என்று அப்பா இருவரையும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். ராபின்சன் வாதாடப் போகவில்லை. மொத்த அணியையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் காட்டில் பருத்தி எடுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு பையன்களையும் திரும்ப அழைத்து வந்தார்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால்தான் தொழில்முறை லீகுக்கு நாற்றங்கால். கோச்சின் வேலையில் பாதி ஆட்ட உத்தி என்றால் மறுபாதி பையன்களைக் கண்டுபிடிப்பதும் வளர்ப்பதும். ராபின்சனின் உத்தி ஒன்றும் புதுமையானது அல்ல. விங்-டி என்ற பழைய ஏற்பாட்டையே பல்லாண்டு நம்பினார். புது உத்தி கண்டுபிடித்தவர்கள் பட்டியல் போட்டால் நான் அவரை அதில் சேர்க்கமாட்டேன். ஆள் வளர்ப்பதில்தான் அவருக்கு ஈடு சொல்வது கடினம்.

1949இல் பால் 'டேங்க்' யங்கர் என்ற ஆட்டக்காரர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குப் போனார். கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து தொழில்முறை லீகுக்குப் போன முதல் ஆள் அவர். டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்து எடுக்கும் ஏற்பாட்டில், எந்த அணியும் அவரைத் தேர்வு செய்யவில்லை, தனியாகத்தான் ஒப்பந்தம் போட்டார்கள். நீ தோற்றுத் திரும்பினால் நம்மைப் போன்ற கல்லூரிகளுக்கு அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்றே சொல்ல முடியாது என்று ராபின்சன் அவரிடம் சொல்லி அனுப்பினார். 21 வயதுப் பையன் தலையில் வைக்கக்கூடாத சுமை. யங்கர் அதைத் தாங்கினார், பத்து ஆண்டுகள் ஆடினார்.

அந்தக் கதவு வழியாகப் போனவர்கள் 200க்கு மேல். கிரீன் பே பேக்கர்ஸின் வில்லி டேவிஸ், ஓக்லண்ட் ரெய்டர்ஸின் வில்லி பிரவுன், பக் புக்கானன், சார்லி ஜாய்னர் ஆகிய நால்வர் தொழில்முறை ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். புக்கானன் 1963இல் ஏஎஃப்எல் என்ற அப்போதைய இன்னொரு தொழில்முறை லீகின் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானவர். நினைவு வைத்துக்கொள்ளுங்கள், இது ஒரு கிராமத்துக் கல்லூரி.

குவார்ட்டர்பேக் விஷயம் இதைவிடச் சுவையானது. ஆட்டத்தை முன்னின்று நடத்தும் அந்த இடத்துக்குக் கறுப்பினத்தவர் லாயக்கில்லை, தலைமை தாங்கவும் வேகமாக யோசிக்கவும் அவர்களால் முடியாது என்ற நினைப்பு அப்போது லீகில் ஊறிப்போயிருந்தது. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஜொலித்த கறுப்பினப் பையனைத் தொழில்முறை அணி எடுத்ததும் வேறு இடத்துக்கு மாற்றிவிடும். தொலைக்காட்சி வர்ணனையாளர் ஹாவர்ட் கோசல் ராபின்சனிடம் இதைக் கேட்டே விட்டார்: இத்தனை பேரை அனுப்பினீர்களே, ஒரு குவார்ட்டர்பேக்கை உருவாக்க முடியுமா? ராபின்சன் அதை மனதில் வைத்துக்கொண்டு ஜேம்ஸ் ஹாரிஸைத் தயார் செய்தார். தொழில்முறை அணிகள் எப்படிப் பந்து வீசுமோ அந்த முறையையே கல்லூரியில் பழக்கினார். 1969இல் பஃபலோ பில்ஸ் அணி அவரை எட்டாவது சுற்றில்தான் எடுத்தது. ஆனாலும் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்காக இறங்கியவர் ஹாரிஸ். பின்னால் ராம்ஸ் அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனார்.

அடுத்து வந்தவர் டக் வில்லியம்ஸ். 1977இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் வாக்கெடுப்பில் நான்காவது இடம். அப்படிப்பட்டவரை நேரில் பார்த்து எடைபோட கிராம்ப்ளிங் வரை வந்த தொழில்முறைக் கோச், டாம்பா பே அணியில் உதவியாளராக இருந்த ஜோ கிப்ஸ். டாம்பா பே 1978இல் வில்லியம்ஸை முதல் சுற்றிலேயே எடுத்தது. பத்து ஆண்டு கழித்து, 1988 ஜனவரி 31, சான் டியாகோ, தொழில்முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் போல். வாஷிங்டன் அணியின் கோச் அதே கிப்ஸ், குவார்ட்டர்பேக் அதே வில்லியம்ஸ். டென்வர் 10-0 என்று முன்னிலை. இரண்டாவது கால்பகுதியில் மட்டும் வாஷிங்டன் 35 புள்ளி எடுத்தது. முடிவு 42-10. வில்லியம்ஸ் 340 கெஜம் வீசினார், நான்கு டச் டவுன், ஆட்ட நாயகன். சூப்பர் போலில் முதன்மைக் குவார்ட்டர்பேக்காக இறங்கிய முதல் கறுப்பினத்தவரும், அதை வென்ற முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். கறுப்பினக் குவார்ட்டர்பேக் பற்றிய பழைய வாதத்தை அந்தப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு நேர்மையாக யாரும் பேச முடியாமல் போனது.

வளர்ப்பதில் கண்டிப்பும் இருந்தது. காலையில் விடுதி வராந்தாவில் மணி அடித்துக்கொண்டே நடந்து பையன்களை எழுப்புவார். வகுப்புக்குப் போகவில்லை என்றால் அவருக்குத் தெரிந்துவிடும். வெளியூருக்குக் கோட்டும் டையும் போட்டுத்தான் போக வேண்டும், மேசையில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுகூடப் பாடத்தில் அடக்கம். நம் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் என்று நினைத்து ஒவ்வொரு பையனையும் பழக்கு என்பது அவர் அடிக்கடி சொன்ன அறிவுரை. மாப்பிள்ளை பார்க்கும் கண்ணோடு பயிற்சி கொடுப்பது என்றால் எவ்வளவு கிடுக்கிப்பிடி இருந்திருக்கும் என்று நம்மவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை!

இதெல்லாம் வெளியே தெரிந்ததற்கு இன்னொருவரும் காரணம்: கல்லூரியின் விளையாட்டுச் செய்தி அதிகாரி காலி நிக்கல்சன். சின்ன மைதானத்தில் ஆடினால் காசு வராது, பேரும் வராது, அணியைப் பெருநகரங்களுக்குக் கொண்டுபோவோம் என்று கிளம்பினார்கள். 1968இல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் மார்கன் ஸ்டேட்டுடன் ஆட்டம், 60,000 பேருக்கு மேல் கூட்டம். அதில் கிராம்ப்ளிங் 9-7 என்று தோற்றது, அது வேறு விஷயம். 1974இல் பரம வைரியான சதர்ன் பல்கலைக்கழகத்தோடு நியூ ஆர்லியன்ஸில் 'பயூ கிளாசிக்' தொடங்கியது. 1976இல் டோக்கியோவிலேயே போய் ஆடினார்கள்.

எல்லாரும் கைதட்டினார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1967இல் கிராம்ப்ளிங் மாணவர்களே போராட்டத்தில் இறங்கினார்கள். இந்தக் கல்லூரி ஃபுட்பாலுக்குக் கொடுக்கும் மதிப்பைப் படிப்புக்குக் கொடுப்பதில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. தேசியக் காவல் படையைத் தயாராக வைக்கும் அளவுக்குப் போனது, மாணவர்கள் சிலர் நீக்கப்பட்டார்கள். ராபின்சனோ எப்போதும் அமெரிக்காவை நம்பு, உழைத்தால் வழி பிறக்கும் என்று பேசியவர். அவர் அதிகாரத்தோடு ஒத்துப்போகிறார் என்று அன்றைய இளைஞர்களில் பலருக்கு எரிச்சல். அந்த மாணவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே எனக்கும் படுகிறது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு. கிராம்ப்ளிங்குக்கு அவ்வளவு திறமைசாலிகள் கிடைத்ததற்கு ஒரு காரணம் அந்தப் பாகுபாடேதான். லூசியானாவில் பிறந்த கறுப்பினப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தன் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான எல்எஸ்யூவுக்கு ஆட முடியாது. 1970கள் தொடங்கியபோதுதான் அந்தக் கதவு திறந்தது. 1970 செப்டம்பரில் தெற்குக் கலிஃபோர்னியா அணி பர்மிங்காமுக்கு வந்து, பிரையன்டின் அலபாமாவை 42-21 என்று அடித்துப் போட்டது. அதில் சாம் கன்னிங்காம் என்ற கறுப்பின ஆட்டக்காரர் 135 கெஜம் ஓடினார். தென் மாநிலக் கல்லூரிகளின் மனமாற்றத்துக்கு அந்த ஓர் ஆட்டமே காரணம் என்று சொல்வது மிகை, ஏனென்றால் அலபாமா அதற்கு முன்பே வில்பர் ஜாக்சனைச் சேர்த்திருந்தது. ஆனால் காற்று திரும்பிவிட்டது. அதுவரை ராபின்சன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசி அழைத்து வந்த பையன்களை இப்போது அலபாமாவும் எல்எஸ்யூவும் வந்து அழைத்தன. அவர்களிடம் பெரிய மைதானம், தொலைக்காட்சி, பணம் எல்லாம் இருந்தது.

எந்தச் சுவர் இடிய வேண்டும் என்று அவர் வாழ்நாளெல்லாம் ஆட்களைத் தயார் செய்து அனுப்பினாரோ, அது இடிந்தபோது முதலில் காலியானது அவருடைய களஞ்சியம்தான். ஆட்டக்காரர்களுக்குத் திறந்த அந்தக் கதவு கோச்சுகளுக்குத் திறக்கவும் இல்லை. முதல் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்று கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரை வைத்தது 1979இல்தான்: விசிட்டா ஸ்டேட்டில் வில்லி ஜெஃப்ரீஸ். அப்போது ராபின்சனுக்கு 60 வயது. 1976இல் நாட்டின் ஃபுட்பால் கோச்சுகள் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர் அவர்.

பிரையன்ட் நான்கு கல்லூரிகளில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். சேபன் டோலிடோ, மிஷிகன் ஸ்டேட், எல்எஸ்யூ, நடுவில் தொழில்முறை லீகில் மயாமி, அப்புறம் அலபாமா என்று படிப்படியாக ஏறியவர், கடைசி ஆண்டுகளில் கோடி டாலர் சம்பளம். இந்தத் தொழிலின் வழக்கமான பாதை அது. சின்ன இடத்தில் ஜெயி, பெரிய இடத்துக்குத் தாவு. ராபின்சனுக்கு அந்த ஏணியே போடப்படவில்லை. ரூஸ்வெல்ட் காலத்தில் சேர்ந்து கிளிண்டன் காலத்தில் ஓய்வு பெறும்வரை 57 ஆண்டுகள் ஒரே கல்லூரி. "ஒரே வேலை, ஒரே மனைவி" என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1941இல் மணந்த டோரிஸ் கடைசி வரை உடனிருந்தார்.

1985 அக்டோபர் 5 அன்று டல்லஸின் காட்டன் போல் மைதானத்தில் பிரெய்ரி வியூ அணியை 27-7 என்று வென்று, 324ஆவது வெற்றியோடு பிரையன்டைத் தாண்டினார். 1995இல் 400ஐத் தொட்டார், கல்லூரி ஃபுட்பாலில் அதைத் தொட்ட முதல் ஆள். உங்களைப் போலவே அப்போதும் பலர், இது ஒப்பிடக்கூடிய சாதனையா என்று கேட்டார்கள். அலபாமாவுக்குக் கிடைத்த எதிரணிகள் இவருக்குக் கிடைக்கவில்லை, உண்மை. இவருக்குக் கிடைத்த சம்பளமும் சாண்ட்விச்சும் பிரையன்டுக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அதனால் இந்த இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைப்பதே சரியில்லை என்பது என் கட்சி. பென் ஸ்டேட்டின் ஜோ பட்டர்னோ 2011இல் 409ஐ எட்டினார், ஆனால் உதவியாளர் ஒருவரின் பாலியல் குற்ற விவகாரத்தில் அதே ஆண்டு பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மின்னசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் என்ற இன்னும் சின்னக் கல்லூரியின் ஜான் கலியார்டி 489 வெற்றியோடு எல்லாருக்கும் மேலே இருக்கிறார். வெறும் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் நாம் பேச வேண்டியது கலியார்டியைப் பற்றி.

கடைசி ஆண்டுகள் அவ்வளவு அழகாக இல்லை. 1996இல் 3 வெற்றி, 8 தோல்வி. நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. பழைய மாணவர்களும் மாநில ஆளுநரும் குரல் கொடுத்ததால் இன்னும் ஓர் ஆண்டு கொடுத்தார்கள். அந்த 1997ம் அதே 3-8தான். கடைசி ஆட்டம் பயூ கிளாசிக், சதர்னிடம் 30-7 தோல்வி. இரண்டு மூன்று ஆண்டு முன்பே விட்டிருக்கலாம் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் புல் வெட்டியதிலிருந்து எல்லாம் தானே செய்து பழகிய மனிதரிடம் அதை யார் போய்ச் சொல்வது?

ஓய்வுக்குப் பின் அல்சைமர் நோய் வந்தது. 2007 ஏப்ரல் 3 அன்று, 88 வயதில், ரஸ்டனில் இறந்தார். பேட்டன் ரூஜில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. அவர் 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்த தீவன ஆலை இருந்ததும் அதே ஊரில்தான்.

அவர் விட்ட இடத்துக்கு 1998இல் வந்தவர் டக் வில்லியம்ஸ். முதல் ஆண்டு 5-6 என்று தடுமாறினார். 2000, 2001, 2002 மூன்று ஆண்டும் தொடர்ந்து அவர்களுடைய லீகில் கிராம்ப்ளிங்தான் சாம்பியன்.